ஆறாவது எங்கே படித்தாய்?

சென்னை
9 பிப்ரவரி 2025

சுகப்பிரியாவுக்கு,

மாரிசெல்வி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் உங்கள் தெரு ஆட்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் என்னிடம் வந்தார்கள். நீ சுங்குவார்சத்திரத்தில் செல்போன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாய் என்றும், நீட் புத்தகங்களை எல்லாம் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டுவிட்டாய் என்றும் சொன்னார்கள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. உன் ஹாஸ்டல் விலாசத்தையும் அவர்கள்தான் கொடுத்தார்கள். போனில் நீ என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். அதனால்தான் காகிதம்.

எனக்கு மெடிக்கல் சீட் கிடைத்த அன்று சாயங்காலம் நீ ஸ்டேட்டஸ் போட்டாய். "மார்க் எடுத்தவ வீட்டுக்கு, சாதி எடுத்தவ காலேஜுக்கு." பெயர் போடவில்லை. ஆனால் நம் இருவரையும் தெரிந்த எல்லாருக்கும் புரிந்தது. என் அம்மாவிடம் கூட யாரோ போனை நீட்டிப் படித்துக் காட்டினார்கள்.

அதைப் பேச எழுதவில்லை. நீட் விண்ணப்பம் திறந்திருக்கிறார்கள், மார்ச் முதல் வாரம் வரைக்கும் போடலாம். போன வருஷம் முழுக்க கிளை நூலகத்தில் ஒரே புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு படித்தோம். எல்லா மாதிரித் தேர்விலும் நீதான் என்னைவிட மேலே. எனக்கு பிசிக்ஸ் புரிந்ததே நீ சொல்லிக் கொடுத்துத்தான். என் புத்தகங்கள் இங்கே சும்மா இருக்கின்றன. அனுப்பட்டுமா?

மாரிசெல்வி

*

சுங்குவார்சத்திரம்
23 பிப்ரவரி 2025

மாரி,

உன் லெட்டரு வந்துச்சு. எங்க ஹாஸ்டல் வார்டன் ஞானம்மாக்கா இந்த ஊர்க்காரங்க. கவரை முன்ன பின்ன திருப்பிப் பாத்துட்டு, "இன்னா பொண்ணு, இந்தக் காலத்துல லெட்டர் போடுற ஆளுகூட கீறாங்களா? யாரு?"ன்னு கேட்டாங்க. ஃபிரண்டுன்னு சொல்ல வாய் வரல. ஊர்ல தெரிஞ்ச பிள்ளைன்னு சொன்னேன்.

நான் இங்க நல்லாத்தான் இருக்கேன். எங்கம்மா அழுதான்னு நீ எனக்கு புத்தி சொல்ல வேண்டாம். ரூமுல எட்டுப் பேரு, எல்லாம் தென்காசி, திருநெல்வேலிப் பிள்ளைங்க. செல்லக்கனின்னு ஒருத்தி பன்னெண்டாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்டு. இங்க எனக்கு எதுத்தாப்புல உக்காந்து போனுக்கு ஸ்குரூ மாட்டுதா. எனக்கு என்ன வேலைன்னா, மூடி போடுததுக்கு முன்னாடி உள்ள தூசி, கீறல் இருக்கான்னு லைட்டுக்குக் கீழ வச்சுப் பாத்து அனுப்பணும். கண்ணை எடுக்க முடியாது. அது எனக்கு நல்லதாத்தான் இருக்கு. வேற எதையும் யோசிக்க முடியாதுல்லா.

நீ பெருந்தன்மையா எழுதுத. எனக்கு அதான் எரியுது. எங்கப்பாவும் விசைத்தறி ஓட்டுத ஆளுதான். எங்க வீட்லயும் என்னைத் தவிர யாரும் படிச்சதில்ல. நானும் கோச்சிங் வாசலை மிதிச்சது கிடையாது. நீயும் நானும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சோம். நான் உன்னைவிட எவ்வளவு கூட எடுத்தேன்னு உனக்கே தெரியும். கவுன்சிலிங்குக்கு பதிஞ்சப்ப ஆறாவதுல இருந்து எந்த ஸ்கூல்னு கேட்டுருந்துச்சு. எய்டட் ஸ்கூல்னு போட்டேன். அவ்வளவுதான், அரசுப் பள்ளி ஒதுக்கீடு உனக்குக் கிடையாதுன்னுட்டாங்க. எய்டட் ஸ்கூல் என்ன கான்வென்டா? மழை பேஞ்சா எங்க கிளாஸ் ரூமும் ஒழுகத்தான் செஞ்சுச்சு. பிளஸ் டூவுல பாதி வருசம் பிசிக்ஸுக்கு டீச்சரே கிடையாது.

நீ உக்காந்திருக்கது என் சீட்டு. இதை நான் யாருகிட்டயும் மறைச்சுப் பேச மாட்டேன். புக்கு அனுப்பாத.

சுகப்பிரியா

*

சென்னை
2 மார்ச் 2025

சுகப்பிரியா,

புத்தகங்களை அனுப்பிவிட்டேன். வேண்டாமென்றால் உன் செல்லக்கனிக்குக் கொடு.

உன் சீட் என்று எழுதியிருக்கிறாய். நான் நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனாலும் இந்த இடம் உனக்கு வராது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒதுக்கிய இடம் இது. எனக்கு அடுத்து நிற்கிற இன்னொரு அரசுப் பள்ளிப் பிள்ளைக்குத்தான் போகும். உன்னை நிறுத்தியிருந்த வரிசை வேறு. இரண்டு வருஷம், மூன்று வருஷம் கோச்சிங் ஹாஸ்டலில் தங்கி, வேறு வேலையே இல்லாமல் படித்தவர்களோடு தறிக்காரர் மகளை ஒன்றாக நிறுத்தி, ஒரே தாளைக் கொடுத்து, மூன்று மணி நேரத்தில் எழுது என்றார்கள். அவர்கள் மேல் உனக்குக் கோபமே வரவில்லை. என் மேல் வந்தது.

இங்கே முதல் நாள் பெயரைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், மூன்றாவதாக நீட் மார்க். நான் உண்மையைச் சொன்னேன். "ஓ" என்றாள் ஒருத்தி. அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அனாடமி வகுப்பில் ஒரு உடலைச் சுற்றி நாங்கள் பத்துப் பேர் நிற்க வேண்டும். கத்தி ஒவ்வொருவர் கைக்கும் மாறி வரும். என் முறை வரும்போது, "நீ பார்த்துக்கிட்டா போதும், நரம்பு அறுந்துடும்" என்று வாங்கிக்கொள்வார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். உன் ஸ்டேட்டஸைத்தான் அவர்கள் நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்று தோன்றும். முதல் இன்டர்னல் தேர்வில் நான் ஃபெயில்.

இன்னொன்று. இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று இத்தனை வருஷம் வைத்திருந்தேன். நீ சீட்டைப் பற்றி எழுதிய பிறகு வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஆறாவது நீயும் என்னோடு அரசுப் பள்ளியில்தான் சேர்ந்தாய். ஒரு நாள் மழை என்று எங்கள் வீட்டுக்கு வந்தாய். அம்மா உனக்குத் தலை துவட்டிவிட்டு, சோறு போட்டுக் கொடுத்தாள். உன்னைத் தேடிக்கொண்டு வந்த உன் அப்பா வாசலிலேயே நின்று பார்த்தார். உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அரைப் பரீட்சை லீவு முடிந்து நீ வரவில்லை. உன் டிசியை வாங்க அவர்தான் வந்தார். நான் சாக்பீஸ் வாங்க எச்எம் அறைக்குப் போய் நின்றுகொண்டிருந்தேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை, நடு வருஷத்தில் எதற்கு மாற்றுகிறீர்கள் என்று எச்எம் டீச்சர் கெஞ்சிக் கேட்டார்கள். உன் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தத் தெருப் பிள்ளைகளோட ஒண்ணா உக்கார வச்சுப் படிக்க வைக்க எனக்கு இஷ்டம் இல்ல டீச்சர்."

நீ அங்கேயே படித்திருந்தால், நீ எடுத்த மார்க்குக்கு எந்தக் காலேஜ் வேண்டுமென்று நீதான் தேர்ந்தெடுத்திருப்பாய்.

மாரிசெல்வி

*

சுங்குவார்சத்திரம்
11 மே 2025

மாரி,

பதில் போட ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிட்டு. எழுதி எழுதிக் கிழிச்சேன்.

முதல்ல உன் மேல கோவமா வந்துச்சு. பொய் சொல்லுதான்னு நெனச்சேன். அம்மாவுக்கு போன் போட்டேன். எய்டட் ஸ்கூல்ல ஒழுக்கம் நல்லா இருக்கும், அதான் மாத்துனோம்னு எப்பவும் சொல்லுவால்லா, அதையே ஆரம்பிச்சா. நான் மழை அன்னைக்கு நடந்ததைச் சொன்னேன். கட் ஆயிட்டோன்னு பாத்தேன். அப்புறம், "அதெல்லாம் எதுக்குட்டி இப்போ"ன்னா. எனக்குப் புரிஞ்சுட்டு.

உனக்குச் சொல்லாம விண்ணப்பம் போட்டுட்டேன். உன் புக்கைத்தான் படிச்சேன். கம்பெனி பஸ்ஸுல போக வர படிச்சேன். பஸ் டிரைவர் டில்லிபாபு அண்ணன், "படிக்கிற பொண்ணு கீது, பாட்டு வேணாம்பா"ன்னு ஸ்பீக்கரை நிறுத்திருவாரு. பின்னாடி இருக்குத பிள்ளைங்க அதுக்காக என்னைய வையும்.

பரீட்சை அன்னைக்கு நைட் ஷிப்ட் முடிச்சு நேரா சென்னைக்குப் போனேன். வாசல்ல தலையைக் கலைச்சுப் பாத்தாங்க, கம்மலைக் கழட்டச் சொன்னாங்க. என் கம்மல் திருகு துருப்பிடிச்சுக் கழட்ட வரல. எனக்குப் பின்னாடி நின்ன பிள்ளைதான் தண்ணி தொட்டுத் தொட்டுக் கழட்டிக் குடுத்தா. கார்ல வந்த பிள்ளை. நாலாவது தடவை எழுதுதாளாம், மூணு வருசமா கோச்சிங்தானாம். எனக்கு அவளைப் பாத்ததும் நீ எழுதுனதுதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா கோவப்பட முடியல. பரீட்சை முடிஞ்சு வெளிய வந்து எல்லாரு முன்னாடியும் அவங்கப்பா அவளைத் திட்டுதாரு, அவ தரையவே பாத்துட்டு நிக்கா. பிசிக்ஸ் ரொம்பக் கஷ்டம். நானும் பாதியை விட்டுட்டேன். கண்ணு எரிஞ்சுச்சு. எனக்குக் கெடைக்காது. எழுதும்போதே தெரிஞ்சுட்டு.

ஆனா ஒண்ணு முடிவு பண்ணிருக்கேன். என் தங்கச்சி அம்சவல்லி, நம்ம வள்ளிதான், அஞ்சாவது முடிச்சுட்டா. என்னைவிட கெட்டிக்காரி. இந்த மாசக் கடைசியில லீவு போட்டு ஊருக்குப் போறேன். அவளை நம்ம ஊரு கவர்மென்ட் ஸ்கூல்ல ஆறாவது சேத்துட்டுத்தான் திரும்பி வருவேன். அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன். விசயம் தெரிஞ்சா அவுகளே சேத்துருவாக. மக டாக்டராகுறதை எந்த அப்பா வேண்டாம்பாக?

நம்பரை பிளாக்ல இருந்து எடுத்துட்டேன். ஆனா நீ கூப்பிடாத. குரலைக் கேட்டா எனக்குப் பேச வராது. எழுது.

பிரியா

*

சென்னை
19 மே 2025

பிரியா,

கூப்பிட மாட்டேன். எனக்கும் எழுதுவதுதான் சௌகரியமாக இருக்கிறது.

நீ பார்த்த அந்தப் பெண்ணைப் போல என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். நிலா என்று பெயர், அப்பா அம்மா இருவருமே டாக்டர்கள். இவளும் மூன்று தடவை எழுதித்தான் வந்தாள். கத்தியை என் கையிலிருந்து அதிகம் வாங்கினவள் அவள்தான். போன மாதம் ஒரு நாள் லைப்ரரியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோச்சிங் ஹாஸ்டலில் இருந்தபோது மார்க் குறைந்தால் பெயரைப் போர்டில் எழுதிவிடுவார்களாம், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதாம். "நான் இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தேன், நீங்கல்லாம் சுலபமா வந்துட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்ததைச் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன். ஒவ்வொருத்தியிடமும் என் வறுமையைக் காட்டி நான் ஏன் அனுமதி வாங்க வேண்டும்? ஆனால் அன்றிலிருந்து கையின் நரம்புகளை அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். இரண்டாவது இன்டர்னலில் பாஸ் செய்துவிட்டேன். அவளை எனக்குப் பிடிக்குமா என்று கேட்டால் தெரியாது.

வள்ளியைப் பற்றி நீ எழுதியதை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பிள்ளை வந்தால் மத்தியானம் நானே போய்ப் பார்த்துக்கொள்வேன் என்கிறாள். நான்தான், அதெல்லாம் வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அப்பாவிடம் நிதானமாகப் பேசு. அவர் சம்மதித்துவிடுவார் என்று நீ எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அந்த அறையில் அவர் முகத்தைப் பார்த்தவள் நான். சேர்த்துவிட்டு எழுது.

மாரிசெல்வி

*

சுங்குவார்சத்திரம்
22 ஜூன் 2025

மாரி,

ரிசல்ட் வந்துட்டு. தகுதின்னு போட்டுருக்கு. அந்த ரேங்குக்கு எங்கயும் இடம் கெடைக்காது. இனிமே எழுத மாட்டேன். அதுக்கு அழுகையே வரல.

ஊருக்குப் போயிட்டு வந்தேன். எழுதுததுக்குத்தான் இவ்வளவு நாளாச்சு.

அப்பா தறிக் கூடத்துல இருந்தாக. போய் பக்கத்துல நின்னு, வள்ளியை கவர்மென்ட் ஸ்கூல்ல போடுவோம்பான்னு கத்துனேன். சத்தத்துல கேக்கல. தறியை நிறுத்திட்டு என்னன்னு கேட்டாக. எல்லாத்தையும் சொன்னேன். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அங்க படிச்சா தனி ஒதுக்கீடு இருக்கு, நான் எடுத்த மார்க்குக்கு எனக்கே கெடச்சிருக்கும், வள்ளி கண்டிப்பா டாக்டராயிருவான்னு சொன்னேன். தெரியாதவுகளுக்கு வெளக்குத மாதிரி மெதுவா, திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

கேட்டு முடிச்சுட்டு, "தெரியும்"ன்னாக.

அந்தச் சட்டம் வந்த அன்னைக்கே பேப்பர்ல பாத்தாகளாம். நான் அப்போ பத்தாவது. ரெண்டு தடவை நான் பரீட்சை எழுதி, ரெண்டு தடவையும் கெடைக்காம மூலையில கெடந்தேன்லா, அப்பவும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. எனக்கு டீ போட்டுக் கொண்டாந்து தந்தாக, விடு தாயின்னு சொன்னாக. அப்பவும் தெரிஞ்சிருக்கு.

அப்போ வள்ளியவாவது சேருங்கன்னேன். என் தலையைத் தடவிக் குடுத்தாக. கோவமாச் சொல்லியிருந்தா நானும் சண்டை போட்டுருப்பேன். மெதுவாத்தான் சொன்னாக.

"டாக்டர் ஆகாட்டி என்னம்மா, குடியா முழுகிரும்? நாளைக்கு நம்ம தெருவுல நாலு பேரு முகத்துல நான் முழிக்கணும்லா."

மறுபடி தறியைப் போட்டுட்டாக.

நானே கூட்டிட்டுப் போய்ச் சேத்துருதேன்னு வள்ளியைக் கெளப்புனேன். அம்மா வாசல்ல வந்து மறிச்சா. அவளும் அழுதா, ஆனா நகரல. பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கு அப்பாவே வள்ளியை சைக்கிள்ல வச்சு டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாக. அவளுக்குப் புது யூனிபார்ம், டை. எனக்கு டாட்டா காட்டிட்டுச் சிரிச்சுட்டே போனா. நான் படிச்ச அதே ஸ்கூலு.

எங்கப்பா நல்லவுக மாரி. குடிக்க மாட்டாக, எங்களை அடிச்சதில்ல, தறியில நின்னு கால் வீங்கி எங்களைப் படிக்க வச்சாக. அன்னைக்கு அவுக சொன்னதைக் கேட்டதும் இந்தப் பேச்சை எங்கயோ கேட்டிருக்கமேன்னு தோணுச்சு. பஸ்ல வரும்போதுதான் தெரிஞ்சுச்சு. வார்த்தைதான் வேற, ஸ்டேட்டஸ்ல நான் எழுதுனதுதான் அது.

என்னை இப்போ ஒரகடத்துல வேற லைனுக்கு மாத்திருக்காங்க. ரூமு இதேதான். உன்னைப் பாக்கணும் போல இருக்கு. ஞாயித்துக்கெழமை லீவுதான். வரட்டுமா?

பிரியா

*

சென்னை
6 ஜூலை 2025

பிரியா,

உன் கடிதத்தை வகுப்புக்கு நடுவில் படித்தேன். அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டேன்.

வராதே. கோபத்தில் எழுதவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். நீ வந்தால் நான் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். உன் அப்பா நல்லவர் என்று நீ சொல்வாய், நான் தலையாட்ட வேண்டியிருக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாக்பீஸ் டப்பாவோடு நின்ற அந்தப் பிள்ளை இன்னும் எனக்குள் நிற்கிறாள். அவளை எங்கே வைத்துவிட்டு உன்னோடு வந்து டீ குடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிக்கொண்டிரு. நானும் எழுதுகிறேன். ஒரு நாள் நானே வரச் சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

இனிமேல் பரீட்சை எழுத மாட்டேன் என்று நீ சொன்னதற்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எழுது, எழுது என்று உன்னைத் தள்ளியவள் நான்தான். அந்தத் தாளுக்கு முன்னால் உட்கார்வதற்கு முன்பே எல்லாம் முடிந்து போயிருந்தது.

என் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும். நான் டாக்டராகி ஊருக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறாள். காய்ச்சல் என்றால் உங்கள் தெரு ஆட்களும் வந்துதானே ஆகணும், என் மகளிடம் கையை நீட்டித்தானே ஆகணும் என்பாள். பிரியா அப்பாவே வருவார் பாரு என்பாள். அந்த நம்பிக்கையில்தான் இந்த வயதிலும் வெயிலில் நின்று மண் வெட்டுகிறாள்.

போன வாரம் போனில், வள்ளியைச் சேர்த்தாச்சா என்று கேட்டாள். சேர்த்தாச்சு அம்மா என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. நம் பள்ளிக்கூடத்தில்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

"பாத்தியாட்டி, காலம் மாறிட்டு" என்றாள்.

ஆமாம் அம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மாரிசெல்வி